கண்டக்டர் மகள் ஏன் ஸ்பெயினுக்குப் போகிறாள்?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 24 வயது, கோவையில் வேலை. இரண்டு வருடமாக உட்கார்ந்து ஓர் இளையோர் நாவலை முடித்திருக்கிறேன். நிவேதா, 17 வயது, திண்டுக்கல்காரி. அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். மாரடைப்பில் திடீரென்று போய்விடுகிறார். யூடியூபில் பார்த்த ஒரு வீடியோவைப் பிடித்துக்கொண்டு நிவேதா ஸ்பெயினுக்குப் போய், சாந்தியாகோ என்ற கிறிஸ்தவப் புனித நகரத்துக்குப் போகிற யாத்திரைப் பாதையில் 780 கிலோமீட்டர் தனியாக நடக்கிறாள். வழியில் பல நாட்டு மனிதர்கள். கடைசியில் இரும்புச் சிலுவை நிற்கும் மலையில், ஊரிலிருந்து கொண்டுபோன கல்லை வைத்துவிட்டு மனம் ஆறித் திரும்புகிறாள். படித்த மூன்று நண்பர்களும் "நல்லா இருக்கு, ஆனா நம்ப முடியல" என்கிறார்கள். ஒருவர் "டூரிஸ்ட் கைடு மாதிரி இருக்கு" என்றார். வெளிநாடு போய் மனசை ஆற்றிக்கொள்வது பணக்காரர் சமாச்சாரம் என்றும் சொல்கிறார்கள். கதையை நம் ஊருக்கே மாற்றிவிடட்டுமா? முடிவு நம்பிக்கையாக இருந்தால் தப்பா? (என் அப்பா 2021 மே மாதம் கொரோனாவில் தவறிவிட்டார். ஆனால் நாவலில் வருவது என் அப்பா இல்லை.) பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா வயது எனக்கு இருக்கும். இருந்தாலும் அக்காவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கேள்வியோடு முழுப் பிரதியையும் அனுப்பிவிட்டதால், இரண்டு ராத்திரி உட்கார்ந்து 26 அத்தியாயமும் படித்தேன். முப்பது வருடமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்துவதுதான் பிழைப்பு, அதனால் சிவப்புப் பேனா கொஞ்சம் அதிகமாகவே ஓடியிருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கதையை ஊருக்குள் இழுத்து வராதீர்கள். நிவேதா ஸ்பெயினுக்கே போகட்டும். உங்கள் நண்பர்கள் நம்ப முடியாமல் தடுக்கி விழுந்தது ஸ்பெயினில் என்று எனக்குத் தோன்றவில்லை, திண்டுக்கல்லில்.

ஐந்தாம் அத்தியாயத்தை எடுங்கள். பிரான்சின் எல்லையோரம் சான் ஜான் பியே டெ போர் என்ற சின்ன ஊர். நிவேதா ரயிலை விட்டு இறங்குகிறாள். முதுகில் பை, கையில் கோல், பையில் தொங்கும் சிப்பி ஓடு என்று யாத்திரைக்காரர்கள் சாரி சாரியாக மலையைப் பார்த்து நடக்கிறார்கள். "இப்படியும் மனிதர்கள் நடப்பார்களா!" என்று அவள் வாய் பிளக்கிறாளாம். திண்டுக்கல் பெண்ணுக்கு இதுவா ஆச்சரியம்? தை பிறந்தால் பழனிக்குப் போகிற கூட்டம் அவள் ஊர் வழியாகத்தானே போகும்? பச்சை வேட்டி, காவடி, செருப்பில்லாத கால், வழி நெடுக அன்னதானப் பந்தல், ராத்திரியில் முதுகில் மினுங்கும் ஸ்டிக்கர். அந்த நாட்களில் பழனி ரோட்டில் பஸ் ஊர்ந்துதான் போகும். கண்டக்டர் வீட்டில் அப்பா சாப்பிட வர நேரமாகும், அம்மா குழம்பைத் திரும்பச் சூடு பண்ணுவாள். அந்த வீட்டில் வளர்ந்த பெண் ஸ்பெயினில் யாத்திரைக்காரர்களைப் பார்த்தால் முதலில் அவர்கள் காலைத்தான் பார்ப்பாள். பதினைந்தாயிரம் ரூபாய் ஷூ. அப்பா பார்த்திருந்தால் என்ன கிண்டல் அடித்திருப்பார் என்று தோன்றும். சிரிப்பு வரும், அடுத்த நொடி தொண்டை அடைக்கும். நீங்கள் மூன்று பக்கம் நிலக்காட்சி வர்ணித்தும் வராத அப்பா, அந்த ஷூவைப் பார்த்த நொடியில் வந்துவிடுவார்.

சரி, அப்படியென்றால் வாசகர் உடனே கேட்பார்: நடக்கத்தான் வேண்டும் என்றால் அறுபது கிலோமீட்டரில் பழனி இருக்கிறதே, அங்கே நடக்க வேண்டியதுதானே? நல்ல கேள்வி. இதற்கு உங்கள் நாவலில் பதில் இல்லை. யூடியூப் வீடியோ பதில் ஆகாது. உங்கள் நண்பர் டூரிஸ்ட் கைடு என்றாரே, அந்தப் பேச்சு வருவது இங்கேதான். போகிற ஊருக்குக் காரணம் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது சுற்றுலாதான்.

என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. சொந்தக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்ததும், "பிள்ளைக்கு ஒரு மாற்றமா இருக்கும்" என்று என்னைப் பம்பாயில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு மராத்தி அம்மாள். பூரி கொடுத்தார், ஊர் கேட்டார், அப்புறம் அரைகுறை இங்கிலீஷில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "பேங்கில் வேலை செய்கிறார்" என்றேன். செய்கிறார். அந்த ஒரு பகல், ஒரு ராத்திரி, அந்தப் பெட்டியில் எனக்கு அப்பா இருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டார், உண்டு என்றேன். வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார், அம்மாவிடம் சொல்கிறேன் என்றேன். தாதரில் பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது அப்பா இரண்டாம் முறை செத்துப்போனார்.

வெளிநாடு நிவேதாவுக்குக் கொடுப்பது இதைத்தான். பழனி ரோட்டில் அவள் நடந்தால் பந்தலுக்குப் பந்தல் "கண்டக்டர் முருகேசன் பொண்ணு, பாவம்" என்பார்கள். செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். ஸ்பெயினில் செய்தி அவள் வாயில் மட்டும்தான் இருக்கிறது. சொல்லலாம், சொல்லாமல் விடலாம், பொய் சொல்லலாம். உங்கள் பிரதியில் என்ன நடக்கிறது? இரண்டாம் நாள் ராத்திரியே சாப்பாட்டு மேசையில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறாள். ஐரிஷ் தாத்தா கையைப் பிடித்துக்கொள்கிறார், பிரேசில் பெண் கண் கலங்குகிறாள், அதோடு உங்கள் கதையில் இருந்த ஒரே ரகசியம் தீர்ந்துவிடுகிறது. மீதி இருபது அத்தியாயம் ஆறுதல் மட்டும்தான். அவளைப் பொய் சொல்ல வையுங்கள். அப்பா இருக்கிறார், கண்டக்டர், தினமும் போன் பேசுவார் என்று சொல்லட்டும். பிறகு அந்தப் பொய்யை 500 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு நடக்கட்டும். முதுகுப் பையைவிட அது கனக்கும்.

நாவலை ஐந்து பாகமாகப் பிரித்து மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். எலிசபெத் க்யூப்லர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அந்த ஐந்தையும் எழுதியது, சாகப்போகிற நோயாளிகளோடு பேசிவிட்டு. சாவை எதிர்பார்த்துப் படுத்திருக்கிறவர் மனதில் நடப்பதைப் பற்றித்தான் முதலில் சொன்னார். அதை அப்படியே எடுத்து, பிழைத்திருக்கிற குடும்பத்தின் தலையில் மாட்டிவிட்டது பிற்பாடு நடந்தது. துக்கம் ஐந்து ஸ்டாப்பில் நின்று போகிற பஸ் மாதிரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்குட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் வேறு மாதிரி சொன்னார்கள். இழந்தவர் மனசு ஊஞ்சல் மாதிரி போய் வருகிறது: கொஞ்ச நேரம் இறந்தவர் பக்கம், கொஞ்ச நேரம் கேஸ் புக் பண்ணுவது, பீஸ் கட்டுவது, சினிமா பார்ப்பது என்று வாழ்க்கைப் பக்கம். இரண்டு பக்கமும் வேண்டும், ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் சிக்கல். பதினேழு வயதில் இந்த ஊஞ்சல் இன்னும் வேகமாக ஆடும். எழவு வீட்டில் பிள்ளைகள் மாடியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்ததில்லையா? "அப்பன் செத்த வீட்டுல என்ன சிரிப்பு" என்று ஒரு சித்தப்பா கத்துவார். பிள்ளை சிரிப்பை நிறுத்திவிடும், அன்றிலிருந்து சிரிக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொள்ளும். நிவேதா உங்கள் நாவலில் சிரிப்பது மொத்தம் இரண்டு இடம். எண்ணிப் பார்த்தேன்.

அப்புறம் காலம். அவள் ஜனவரியில் பிரனீஸ் மலையைக் கடக்கிறாள், பனியில் சறுக்குகிறாள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சான் ஜானிலிருந்து ஸ்பெயின் பக்கத்து ரொன்செஸ்வாயெஸுக்கு மலை உச்சி வழியாகப் போகிற அந்தப் பாதையை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடிவிடுகிறார்கள். பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக முடியும். யாத்திரை விடுதிகளிலும் பல அந்த மாதங்களில் பூட்டித்தான் கிடக்கும். அதைவிட, ப்ளஸ் டூ படிக்கிற பெண் ஜனவரியில் எப்படி முப்பத்தைந்து நாள் காணாமல் போவாள்? ஸ்கூலில் ரிவிஷன் டெஸ்ட் நடக்குமே! தேர்வு மார்ச்சில் முடிகிறது. ஏப்ரல் இருபது வாக்கில் நடக்க ஆரம்பிக்கட்டும். அப்படி வைத்தால் தானாக ஒரு காட்சி வந்து மடியில் விழுகிறது, பாருங்கள். புர்கோஸிலிருந்து லெயோன் வரை மெசெத்தா என்கிற மேட்டுச் சமவெளி. ஏறக்குறைய 180 கிலோமீட்டர், கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை, நிழலுக்கு ஒரு மரம் கிடைப்பது அபூர்வம். பலர் அலுத்துப்போய் பஸ் பிடித்துத் தாண்டிவிடுகிற பகுதி. ஏப்ரல் இருபது வாக்கில் புறப்பட்டவள் மே முதல் பத்து நாளில் அங்கேதான் இருப்பாள். நம் ஊரில் ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதும் அப்போதுதான். இங்கே காலை ஒன்பதரை என்றால் அங்கே ஆறு. இருட்டோடு கிளம்பி நடந்துகொண்டிருப்பாள். போன் அதிரும். மார்க்கைப் பார்த்துவிட்டு, விரல் தானாக மேலே தள்ளிக்கொண்டு போய் 'அ' வரிசையில் முதல் பெயருக்கு மேல் நிற்கும். அந்த எண்ணை யாரும் இன்னும் அழிக்கவில்லை. இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன், நாவல் உங்களுடையது.

இனி அந்த 'தனியாக'. பதினேழு வயதுப் பெண்ணை விசா அலுவலகம் அவ்வளவு லேசில் விடாது. அம்மாவின் ஒப்புதல் கடிதம் வேண்டும், நோட்டரி கையெழுத்தோடு. அப்பா ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். நீங்கள் விசாவை "எல்லா ஏற்பாடும் முடிந்தது" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் நாவல் இருக்கிறது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. நிவேதா சான்றிதழை நீட்டுகிறாள். பையன் அதைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, வெளிச்சம் ஓடி முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும்போது பழக்கதோஷத்தில் கேட்கிறான்: "ஒரிஜினல் கிழிஞ்சுரும், லேமினேட் பண்ணிரட்டுமா?" அவன்மேல் தப்பு இல்லை, எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பான். அதே மாதிரி பயணக் காப்பீடு. ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குப் பாலிசி எடுத்தாக வேண்டும், போன இடத்தில் இறந்துபோனால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதற்குள் அடக்கம். அந்த வரி பாலிசிக் காகிதத்தில் அச்சாகி இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து கணவனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்த அம்மா அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். போடுவாளா? உங்கள் பிரதியில் அம்மா மூன்றாம் அத்தியாயத்தோடு காணாமல் போய்விடுகிறாள். புருஷன் போன வீட்டில், மகளும் இல்லாமல், முப்பத்தைந்து நாள் அவள் என்ன சாப்பிட்டாள் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால் கூட ஓர் அத்தையை அனுப்புவேன். அப்பாவின் அக்கா, ரிட்டையர்டு டீச்சர், முட்டிவலி, வாய் நிறையப் பேச்சு. நிவேதாவுக்கு அப்பா பதினேழு வருஷம்தான். அத்தைக்குத் தம்பி ஐம்பது வருஷம். நிவேதா அப்பா உயிரோடு இருப்பதாகச் சொன்ன பொய்யை அத்தை சாப்பாட்டு மேசையில் காதால் கேட்கிறாள் என்று வையுங்கள். இங்கிலீஷ் தெரிந்த டீச்சர். மறுக்கலாம். மறுக்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "ஆமா, டூட்டிக்குப் போனா ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவான் வீட்டுக்கு" என்று தானும் சேர்ந்துகொண்டால்? நீங்கள் தனியாகத்தான் அனுப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தால், வயதைப் பத்தொன்பது ஆக்குங்கள். ஆனால் ரிசல்ட் காட்சி போய்விடும். யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணக்காரர் சமாச்சாரம் என்று சொல்வார்கள்தான், ஏனென்றால் நாவலில் எங்கும் பணம் இல்லை. விமான டிக்கெட், 90 யூரோ விசா கட்டணம், காப்பீடு, வழியில் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து யூரோ. ஆளுக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாது. யார் கொடுத்தது? அப்பாவின் பி.எஃப். பணமா? அத்தையின் ஓய்வுப் பணமா? "கண்டக்டர் செத்த காசுல ஃபாரின் டூரா" என்று தெருவில் ஒருவராவது சொல்லியிருப்பார். அதை நாவலுக்குள் நீங்களே சொல்லிவிட்டால் வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கு வாரிசு வேலைக்கு மனு போட்டிருப்பார்கள், அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருப்பாள். 780 கிலோமீட்டர் மகள் மட்டும் நடக்கவில்லை.

வழியில் வருகிற வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. எல்லோருமே ஞானிகளாக இருக்கிறார்கள். ஐரிஷ் தாத்தா பேசுவதெல்லாம் காலண்டர் தாளில் அச்சடிக்கலாம். சாந்தியாகோவுக்குப் போகிற எல்லாப் பாதைகளையும் சேர்த்து 2024-இல் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் யாத்திரையை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள், அத்தனை பேரும் ஞானி என்றால் உலகம் எங்கேயோ போயிருக்கும். விடுதியில் நாற்பது பேர் அடுக்குக் கட்டிலில், ராத்திரி பத்துக்கு விளக்கை அணைப்பார்கள், பத்தரைக்குக் குறட்டை தொடங்கும். காலில் கொப்புளம். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தைக் குத்தி, நூலை அப்படியே விட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதே என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. மூட்டைப்பூச்சி பயம் வேறு. அத்தை சைவம் என்றால் தினமும் உருளைக்கிழங்கு ஆம்லெட்டைப் பார்த்து மூக்கைச் சுளிக்க வேண்டியதுதான். ஐரிஷ் தாத்தாவுக்கும் ஒரு கால்வலியும் ஒரு கெட்ட குணமும் கொடுங்கள். இத்தாலிப் பையன் மத்தேயோ இருந்துவிட்டுப் போகட்டும், அந்த வயதில் அது நடக்காவிட்டால்தான் அதிசயம். அவன் முத்தத்தால் துக்கம் தீர்ந்த மாதிரி வருகிற பாராவை மட்டும் அடித்துவிட்டேன்.

வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வாலின்யா, 1984-இல் மஞ்சள் பெயின்ட்டும் கையுமாகக் கிளம்பி மரத்திலும் சுவரிலும் அம்பு போட்டுக்கொண்டே போனவர். அந்தப் பக்கத்தை அப்படியே வையுங்கள். நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறவர்தான் அங்கே சாந்தியாகோ, இதை அத்தை வாயில் வைத்தால் இன்னும் பொருந்தும்.

இப்போது கல். க்ரூஸ் டெ ஃபெர்ரோ. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், நெடிய மரக்கம்பத்தின் நுனியில் சின்ன இரும்புச் சிலுவை, அடியில் உலகமெல்லாம் கொண்டுவந்து போட்ட கற்கள் குன்றாகக் குவிந்திருக்கின்றன. நிவேதா சிறுமலையில் பொறுக்கிய கல்லை அங்கே வைத்ததும் "அவள் மனம் இறகாயிற்று" என்று முடித்திருக்கிறீர்கள். இந்தப் பாதையைப் பற்றிப் படம் எடுக்கிறவர், எழுதுகிறவர் எல்லோரும் கல்லை வைத்துத்தான் முடிக்கிறார்கள். உங்களிடம் கல்லைவிட நல்ல பொருள் ஒன்று இருக்கிறது, அதை இரண்டாம் அத்தியாயத்தில் போட்டுவிட்டு மறந்துவிட்டீர்கள். அப்பாவின் விசில். காக்கிச் சட்டைப் பையிலிருந்து அம்மா எடுத்து மேசை டிராயரில் வைக்கிறாள், அதோடு சரி. ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். மலையேறுகிறவர்கள் பனிமூட்டத்தில் வழி தவறினால் ஊத விசில் வைத்துக்கொள்வது வழக்கம்தான். நிவேதா அதை எடுத்துக்கொண்டு போயிருந்தால்? கல் குவியலில் எல்லோரும் எதையாவது விட்டுவிட்டுப் போகிற இடத்தில், அவள் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு விட மனமில்லாமல் நிற்கலாம். விடாமலே இறங்கலாம். இறந்தவரை விட்டுத் தீர வேண்டும் என்று யார் சொன்னது? அவரோடு உறவை வேறு விதமாக வைத்துக்கொண்டு வாழ்வதும் இயல்பு என்று 1996 வாக்கிலேயே இத்துறை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நம் வீடுகளில் தெவசத்தன்று செய்கிற படையல் வேறென்ன? அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, "சாப்பிட்டியா" என்று படத்தைப் பார்த்துக் கேட்கிற அம்மாக்கள் எத்தனை பேர்!

இன்னொன்று, நீங்கள் கவனிக்காமல் விட்டது. பாதை அந்தக் குன்றோடு முடிவதில்லை, இன்னும் 230 கிலோமீட்டர் இருக்கிறது. சாந்தியாகோ நகரத்தில் யாத்திரை அலுவலகத்தில், முத்திரை குத்திய சிற்றேட்டைக் காட்டினால் லத்தீன் மொழியில் சான்றிதழ் தருகிறார்கள். அதை நடக்க முடியாத ஒருவருக்காக, இறந்துபோன ஒருவருக்காக நடந்ததாகக் கேட்டும் வாங்கலாம். 'விக்காரியே ப்ரோ' என்று எழுதி அவர் பெயரையும் சேர்ப்பார்கள், இன்னாருக்குப் பதிலாக என்று அர்த்தம். நிவேதா வரிசையில் நிற்கிறாள். வழியெல்லாம் அப்பா உயிரோடு இருப்பதாகச் சொன்னவள். பின்னால் ஐரிஷ் தாத்தாவும் மத்தேயோவும் காது கேட்கிற தூரத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண் பெயர் கேட்கிறாள். முருகேசன் என்பதை அவளுக்கு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டும். எம், யு, ஆர் என்று மெதுவாக. உங்கள் நாவலின் உச்சம் அந்த மேசையில்தான் என்று எனக்குப் படுகிறது. அவள் கேட்காமலே தன் பெயருக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாலும் அது உச்சம்தான்.

இதற்கு எடை வர வேண்டும் என்றால், ஊரில் அவளுக்கு என்ன கிடைக்காமல் போனது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். உங்கள் நாவல் விமான நிலையத்தில் தொடங்குகிறது. சாவு வீடு இல்லை. நீர்மாலை எடுத்தது யார், கொள்ளி வைத்தது யார், நிவேதாவைத் தெருமுனையோடு நிறுத்தியது யார், எதுவும் இல்லை. பொம்பளப் பிள்ளை சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று எந்தப் பெரியவரோ சொல்லியிருப்பார், சித்தப்பா மகன் பத்து வயசுப் பையன் கொள்ளிச்சட்டி பிடித்திருப்பான். தெருமுனையில் நின்ற கால்தான் 780 கிலோமீட்டர் நடக்கிறது. பழனி ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு இதுவும் பதில்.

அந்த அத்தியாயத்தை நீங்கள் ஏன் எழுதவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நாவலில் வருவது உங்கள் அப்பா இல்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் 2021 மே மாதம் எப்படி இருந்தது என்று எங்களுக்கும் தெரியும். கட்டிய துணியைப் பிரிக்காமல், வீட்டுக்குக் கொண்டுவராமல், நேராகச் சுடுகாட்டுக்குப் போன அப்பாக்கள். முகம் பார்க்காத வீடுகள். அதைத் தாண்டித்தான் இதை எழுத முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், தெருமுனையை மட்டும் பாதிப் பக்கம் எழுதினால் போதும். கடிதத்தின் கீழே, எழுதிய நாட்களில் விடிய விடியத் தூக்கம் வராது என்று பென்சிலில் கிறுக்கி, பிறகு அழித்திருக்கிறீர்கள். அழித்தது எனக்குத் தெரிகிறது. நான் எடிட்டர், மருத்துவர் இல்லை. நாவல் எழுதுவதைச் சிகிச்சை என்று நம்பி நாள் கடத்தாதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பிரதியைத் திருத்த உட்காருவதற்கு முன் ஒருமுறை பேசுங்கள்.

முடிவு நம்பிக்கையாக இருக்கலாமா என்றீர்கள். பாரி இறந்த பிறகு அவன் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறதே, ஐந்தே வரி. போன மாதம் இதே நிலவில் அப்பா இருந்தார், மலையும் இருந்தது; இந்த மாதம் இதே நிலவில் இரண்டும் இல்லை. ஆறுதலுக்கு ஒரு சொல் கிடையாது. அந்தப் பெண்களும் அப்பாவின் சிநேகிதர் கபிலரோடு ஊரை விட்டு வழிநடந்தவர்கள்தான். உங்கள் நாவல் அவ்வளவு வறண்டு இருக்க வேண்டாம், பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கப்போகிற புத்தகம். ஆனால் நம்பிக்கையை ஸ்பெயினில் வைக்காதீர்கள், திரும்பி வந்த பிறகு வையுங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு அத்தையும் அவளும் பஸ் ஏறுகிறார்கள். வேறொரு கண்டக்டர், சின்ன வயசு, கையில் டிக்கெட் மெஷின். "எங்கம்மா போகணும்?" என்கிறான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறாள். வீட்டில் அம்மா வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும், மகளிடம் அதைப் போனில் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு கடைசி அத்தியாயம் போதும்.

முதல் மூன்று அத்தியாயத்தைத் திருத்தி அனுப்புங்கள், மீதிக்கு அவசரம் இல்லை. அப்புறம், அந்த விசில் எவர்சில்வரா, பித்தளையா, பிளாஸ்டிக்கா? கயிறு என்ன நிறம்? அதை எழுதவே இல்லை நீங்கள்.